விமானித் தாத்தாவுக்கு வில்லங்கம் பார்த்தேன்

எங்கள் பெரியப்பாவுக்கு எண்பத்திரண்டாவது வயதில் ஓர் ஆசை வந்தது. கோயில் சுவரில் தன் அப்பாவுக்கு ஒரு சலவைக்கல் பதிக்க வேண்டும். பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர்களுக்குக் கோயில் என்றால் சர்ச்தான், ஐயர் என்றால் பாதிரியார். அந்தச் சுவரில் ஏற்கெனவே நிறையப் பேர் கல்லாக இருக்கிறார்கள். காய்ச்சலில் செத்த வெள்ளைக்கார மிஷனரிகள், பள்ளிக்கூடம் கட்டியவர்கள், ஆர்மோனியம் வாங்கிக் கொடுத்தவர், பிற்காலத்தில் அதே ஆர்மோனியத்தைப் பழுதுபார்த்துக் கொடுத்தவர். இவ்வளவு பேருக்கு இடம் இருக்கும்போது உலகப் போரில் விமானம் ஓட்டிய மனிதருக்கு இடமில்லையா என்பது பெரியப்பாவின் வாதம்.

வாதத்தில் குறையில்லை. தாத்தாவை நான் பார்த்ததில்லை. பெரியப்பா ஐந்து வயது வரை பார்த்திருக்கிறார். இளையவரான என் அப்பா கைக்குழந்தையாக இருந்தபோதே தாத்தா கப்பலேறிவிட்டார். ராதாபுரம் பக்கத்துக் கிராமச் சபையில் வேதம் போதித்த உபதேசியார் ஒருவரின் மகன் அவர். இங்கே படித்து, போர்க்காலத்தில் விமானப்படையில் சேர்ந்து, போர் முடிந்து நாட்டுக்குச் சுதந்திரமும் வந்த பிறகு, இங்கிலாந்தில் விமானிகளுக்கு நல்ல வேலை கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனாராம். வேலை கிடைத்ததும் ஆச்சியையும் இரண்டு பையன்களையும் அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. நான்கு கடிதங்கள் வந்தன. பிறகு அங்கே விமானம் விழுந்து அவர் இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. தகவல் யாருக்கு வந்தது, எப்படி வந்தது என்று எங்கள் வீட்டில் எவரும் கேட்டதில்லை. ஆச்சி வெள்ளைச் சேலைக்கு மாறி, மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்து, பையன்களை ஆளாக்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இதுதான் குடும்ப வரலாறு.

இந்த வரலாற்றைப் பெரியப்பா சும்மா விட்டு வைக்கவில்லை. உரம் போட்டு வளர்த்தார். கூடத்தில் ஒரு படம் தொங்கும். தாத்தா சீருடையில், விமானத்தின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, அதைத் தானே பெற்றவர் போல நிற்பார். அவர் தோளுக்குப் பின்னால் விமானத்தின் பக்கவாட்டில் ஒரு சின்ன விசிறி தெரியும். “அதுதான் இயந்திரத் துப்பாக்கி. ஒரு நிமிசத்துக்கு ஆயிரம் குண்டு,” என்று வருகிறவர்களுக்கெல்லாம் பெரியப்பா காட்டுவார். பர்மா எல்லையில் தாத்தா சுட்டு வீழ்த்திய ஜப்பான் விமானங்களின் எண்ணிக்கை கேட்பவரின் முகத்தைப் பொறுத்தது. லீவில் வந்தபோது விமானத்தோடேயே வந்து எங்கள் கோயில் கோபுரத்தைச் சுற்றியதாகவும் ஒரு கதை உண்டு. நான் சிறுமியாக இருந்தபோது தாத்தா ஒரு தடவைதான் சுற்றியிருந்தார். என் கல்யாணத்தின்போது மூன்று தடவை. பெரியப்பா ரயில்வே குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மேலேயிருந்து கைக்குட்டையும் விழ ஆரம்பித்தது.

என் அப்பா இந்தக் கதைகளில் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை. மறுத்ததுமில்லை. விமானச் சத்தம் கேட்டால் தெருவே அண்ணாந்து பார்த்த காலத்தில் அவர் மட்டும் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்புவார். அவர் இறந்து பன்னிரண்டு வருஷமாகிறது. அதற்கு முன்பே இதெல்லாம் வெளிவந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

கல் விஷயத்தைப் பெரியப்பா கோயிலை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிக்குக் கொண்டுபோனார். கமிட்டிச் செயலாளர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஆர்மோனியம் வாங்கிக் கொடுத்தவரின் பேரன்.

“ஆதாரம் ஏதும் இருக்கா அண்ணாச்சி?” என்று கேட்டிருக்கிறார்.

“என்னவே ஆதாரம்? ஊருக்கே தெரியும்.”

“ஊருக்கு ஆயிரம் தெரியும். கல்லுல வெட்டணும்னா தாளு வேணும். எந்தப் படை, என்ன வேலை, எங்கன செத்தாரு. அத மட்டும் கொண்டாங்க, கமிட்டியில வைக்கேன்.”

“உம்ம தாத்தா ஆர்மோனியம் வாங்குனதுக்கு ரசீது இருக்காவே?”

“இருக்கு,” என்றார் செயலாளர். உண்மையிலேயே இருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்.

அன்று சாயங்காலமே பெரியப்பா என்னைக் கூப்பிட்டனுப்பினார். “ஏட்டி, நீதான் ரிஜிஸ்டர் ஆபீசுல இருக்கியே. தாத்தாவுக்கு ஒரு சர்டிபிகேட் எடுத்துக் குடு,” என்றார்.

நான் பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். அதில் பெரும்பகுதி வில்லங்கச் சான்று கொடுக்கிற மேசையில். நிலம் வாங்கப் போகிறவர் வந்து மனு கொடுப்பார். அந்த நிலத்தின் மேல் யாருக்கு என்ன பாத்தியதை, அடமானம் உண்டா, முதல் தாரத்துப் பிள்ளை எவனாவது எழுதி வாங்கியிருக்கிறானா என்று பழைய பதிவேடுகளைப் புரட்டிச் சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் முகம் செத்துத்தான் வெளியே போவார்கள். இவ்வளவும் தெரிந்தும் பெரியப்பாவிடம் சரி என்று சொன்னேன். பார்த்துவிடலாமே என்ற குறுகுறுப்புதான் காரணம். கடமை, பாசம் என்றெல்லாம் இப்போது சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் இருந்தது ஒரு தகரப் பெட்டி. அதற்குள் சீருடைப் பொத்தான்கள் மூன்று, நான்கு கடிதங்கள், தாத்தாவின் சேவை எண் எழுதிய ஒரு துண்டுத்தாள். அந்த எண்ணை வைத்து டெல்லியில் இருக்கும் விமானப்படைத் தலைமையகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். இடையில், பழைய விமானப்படைக்காரர்களின் படங்களைத் திரட்டி இணையதளம் நடத்தும் ஒரு முதியவரைக் கண்டுபிடித்தேன். கோயம்புத்தூரில் இருக்கிறார். விமானப்படையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்துப் படத்தை நகலெடுத்து, தாத்தாவின் பெயரையும் ஊரையும் சேர்த்து அவருக்கு அனுப்பினேன். அவர் அதைத் தன் தளத்தில் போட்டார். எட்டு மாதம் கழித்து டெல்லியிலிருந்து சேவைப் பதிவேட்டின் நகல் வந்ததும் அதையும் அனுப்பினேன். மறுநாள் அவரே கூப்பிட்டார்.

“உங்க தாத்தா பைலட்தானுங்க அம்மா. அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா அவரு சண்டைக்குப் போகலீங்க.”

“பின்னே?”

“கீழ இருந்து விமானத்தைச் சுடற பீரங்கிக்காரங்க இருப்பாங்கல்ல, அவங்க குறி பழகணும். அதுக்கு விமானத்துக்குப் பின்னால நீளமா ஒரு கயிறு விட்டு, கயித்து நுனியில துணிக்குழாய் ஒண்ணு கட்டியிருக்கும். பைலட் அதை இழுத்துட்டு நேராப் போகணும். கீழ இருக்கிறவங்க துணியைச் சுடுவாங்க. உங்க தாத்தா அந்த வேலைதான் பார்த்திருக்காரு, போர் முடியற வரைக்கும்.”

படத்தில் இருக்கும் இயந்திரத் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டேன். “துப்பாக்கி இல்லீங்க. கயிறு சுத்தற ராட்டினம். காத்துல அந்த விசிறி சுத்தினா கயிறு உள்ள வரும்.”

பெரியப்பாவிடம் இதைச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போனேன். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். கேட்டுவிட்டு எழுந்து அந்தப் படத்துக்குக் கிட்டே போய் நின்றார்.

“துணியா?” என்றார்.

“ஆமா பெரியப்பா.”

“எங்க அப்பா வானத்துல துணி காயப்போட்டுட்டா இருந்தாரு?”

“காயப்போடல. இழுத்துட்டுப் போனாரு. கீழ இருந்து சுடுவாங்களாம்.”

அந்தக் கடைசி வார்த்தையை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “சுடுவாங்களா? அப்பச் சரி. எதிரியின் குண்டு மழைக்கு நடுவுல பறந்தாருன்னு கல்லுல போட்டுரலாம்.”

“எதிரி இல்ல பெரியப்பா. நம்ம ஆளுகதான்.”

“யாரு சுட்டா என்னட்டி? குண்டு குண்டுதான?”

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பதிவேட்டில் ஒரு வரி உண்டு. ஒரு நாள் தாத்தாவின் விமானம் வாலில் நான்கு ஓட்டைகளுடன் இறங்கியிருக்கிறது. காரணம் என்ற இடத்தில் ‘பயிற்சி பெறுவோரின் கவனக்குறைவு’ என்று எழுதியிருக்கிறார்கள். எதிரி சுட்டால் திருப்பிச் சுடலாம், தப்பி ஓடலாம். சொந்தப் படை குறி பழகுகிறது, நேராகப் போ, ஆடாமல் போ என்றால் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும். ஆனால் அதைக் கல்லில் எழுத முடியாது. சுவரைப் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். வீரம்கூட ஊர் ஒப்புக்கொள்கிற மாதிரி இருந்தால்தான் வீரம்.

பெரியப்பா ஒரு வாரத்தில் தேறிக்கொண்டார். ‘வான்படைப் பயிற்சியில் முக்கியப் பங்காற்றியவர்’ என்று வாசகத்தை மாற்றினார். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று, எங்கே எப்படி இறந்தார் என்பதற்கு ஒரு தாள். அதைத் தேடி நான் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. தானே வந்தது.

கோயம்புத்தூர்க்காரரின் தளத்தைப் பார்த்துவிட்டு, அவரிடம் என் முகவரி வாங்கி, இங்கிலாந்திலிருந்து ஒரு பெண்மணி எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். வயது எழுபத்து மூன்று. கடலோரச் சிற்றூர் ஒன்றில் முப்பது வருஷம் வீடு வீடாகத் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். ‘நீங்கள் அந்தத் தளத்துக்குக் கொடுத்த அதே படம் என் வீட்டிலும் இருக்கிறது. அவர் என் அப்பா. நீங்கள் அவருக்குத் தூரத்துச் சொந்தமா? அவருடைய முதல் மனைவியும் இரண்டு மகன்களும் இந்தியாவில் காலராவில் இறந்துவிட்டதால் அவருக்கு அங்கே யாரும் இல்லை என்று நினைத்திருந்தேன்’ என்று எழுதியிருந்தார்.

அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். தயிர்ச்சாதத்தில் கை வைத்தபடி மூன்று தடவை படித்தேன். விமான விபத்தில் செத்துப்போன தாத்தாவுக்கு விபத்துக்குப் பிறகு ஒரு மகள் பிறந்திருக்கிறாள். என் பெரியப்பாவும் அப்பாவும் காலராவில் போய்ச் சேர்ந்து எழுபது வருஷத்துக்கு மேலாகிறது. அப்படியானால் நான் யார்?

நான் உங்கள் அண்ணன் மகள் என்று பதில் எழுதினேன். அதற்குப் பிறகு கடிதங்கள் பறந்தன. அத்தை, இனி அப்படித்தானே சொல்ல வேண்டும், ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். தாத்தா போய் இறங்கியபோது அங்கே தெருவுக்கு நான்கு விமானிகள் வேலையில்லாமல் இருந்திருக்கிறார்கள். எங்கள் தாத்தாவின் நிறத்தில் ஒருவரிடம் பயணிகளை ஒப்படைக்க எந்தக் கம்பெனிக்கும் மனசு வரவில்லை. கொஞ்ச நாள் மூட்டை தூக்கினார். பிறகு கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அதையே செய்தார். அந்த ஊரின் குடும்பத் தலைவிகளில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். அதன் பிறகு அவர் விமானத்தில் ஏறவே இல்லை, பயணியாகக்கூட. நான் பத்தாம் வகுப்புப் படித்த வருஷம்வரை உயிரோடு இருந்திருக்கிறார். அதுவரை ஒவ்வொரு வருஷமும் நாங்கள் அவருக்கு நினைவு நாள் கொண்டாடி, வந்தவர்களுக்குக் கேக்கும் காபியும் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அங்கேயும் நினைவு நாள் உண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை தாத்தா வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய், இறந்துபோன இரண்டு மகன்களுக்காகத் தண்ணீரில் பூ விடுவாராம். சிறுமியாகக் கூடப் போன அத்தை, அப்பாவுக்கு எவ்வளவு இளகிய மனசு என்று நினைத்துக்கொள்வாராம். கடற்கரைக்குத் திரும்புகிற முனையில் ஒரு தபால்பெட்டி இருந்தது. பிற்காலத்தில் அதைத் தினமும் திறந்து கடிதம் எடுத்ததே அத்தைதான். பூ வாங்கத் தெரிந்தவருக்கு ஒரு தபால்தலை வாங்கத் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் அத்தை ஒரு படம் அனுப்பினார். சட்டம் போட்டுச் சாப்பாட்டு அறையில் மாட்டியிருந்த தமிழ்க் கடிதம். ‘அப்பா கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தது இது. முதல் மனைவி சாவதற்கு முன் எழுதிய காதல் கடிதம் என்று நினைக்கிறேன். எழுத்து அழகாக இருப்பதால் மாட்டி வைத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல முடியுமா?’ என்று கேட்டிருந்தார்.

ஆச்சியின் கையெழுத்து எனக்குத் தெரியும். வேதபாடப் பரிசுப் புத்தகங்களிலெல்லாம் அதே முத்து முத்தான எழுத்து. கடிதம் இதுதான்:

‘உங்கள் காகிதம் கிடைத்தது. அதில் எழுதியிருக்கிற பெண் நல்லவளாக இருக்கட்டும். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் காலமானீர்கள். விமானம் விழுந்தது என்று சொல்லியிருக்கிறேன். அது உங்களுக்கும் கௌரவம், எனக்கும் கௌரவம். ஐயரவர்கள் நினைவு ஆராதனை நடத்தினார்கள். கோயில் நிறைந்திருந்தது. உங்கள் தம்பி இரண்டு தடவை மயங்கி விழுந்தார். பெரியவன் அழுதான். சின்னவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். விதவை என்றால் தருவார்கள், விடப்பட்டவள் என்றால் தரமாட்டார்கள். ஆகையால் இனிமேல் எழுத வேண்டாம். செத்தவர் கையெழுத்தில் காகிதம் வந்தால் தபால்காரனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?’

உள்ளதை உள்ளபடி நகல் எடுத்தே பழகியவள் நான். ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்து அனுப்பினேன். ஆனால் யார் யாரை முதலில் கொன்றார்கள் என்பதில் எனக்கு ஐயம் வந்தது. அத்தை தன் பெற்றோரின் திருமணப் பதிவு நகலை அனுப்பியிருந்தார். அதில் தாத்தா ‘மனைவியை இழந்தவர்’. ஆச்சியின் கடிதத்துக்கு மூன்று மாதம் முந்தைய தேதி. எங்கள் அலுவலகத்தில் முதலில் பதிவான பத்திரத்துக்குத்தான் முன்னுரிமை. ஆக, கொலையில் முந்திக்கொண்டவர் தாத்தா. ஆச்சி பதிலுக்குச் செய்தார், அவ்வளவுதான். அதிலும் ஆச்சியின் வேலை சுத்தம். தாத்தா மூன்று பேரைக் காலராவில் தள்ளினார். ஆச்சி அவரை வானத்திலிருந்து கௌரவமாக இறக்கினார்.

அத்தையிடமிருந்து இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள் ஒரு வரி வந்தது. ‘சட்டம் அதே இடத்தில்தான் இருக்கிறது. இந்தப் பெண்மணியை எனக்குத் தெரியாமல் போய்விட்டதே.’

பெரியப்பாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டவில்லை. போனில் பெரிதாக்கி அவர் கையிலேயே கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பையப் பையப் படித்தார். ‘பெரியவன் அழுதான்’ என்ற இடத்தில் விரல் நின்றது.

“ஆமா, அழுதேன்,” என்றார். “அம்மாதான் என்னையக் கிள்ளினா.”

“என்னது?”

“கோயில்ல வச்சு. தொடையில. நான் சும்மா உக்காந்து வேடிக்கை பாத்துட்டு இருந்தேன். நல்லாத் திருகிக் கிள்ளினா. ஆட்டம் போட்டதுக்குத்தான் கிள்ளுதான்னு இத்தன வருசமா நெனச்சிட்டு இருக்கேன்.” தொடையைத் தடவிக்கொண்டார். “இதுக்குத்தானா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவருக்குக் கோபம் அப்பா மேலா, அம்மா மேலா, என் மேலா என்று தெரியவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் கூப்பிட்டு, “அந்தப் பொம்பளைக்கு எங்க அப்பா சாடை இருக்கா?” என்று கேட்டார்.

வீடியோவில் பேச ஏற்பாடு செய்தேன். மே மாத வெயிலில் கோட்டுப் போட்டு, டை கட்டி வந்து உட்கார்ந்தார். திரையில் அத்தை வந்தார். ஒரே தாடை. பிடிவாதத்துக்கென்றே செய்தது போல முன்னால் துருத்திய தாடை. பெரியப்பா ரயில்வேயில் எழுதிப் பழகிய ஆங்கிலம் அந்த நேரம் பார்த்து அவரைக் கைவிட்டுவிட்டது. நான்தான் நடுவில்.

“நீங்கள் மூத்தவரா, இளையவரா என்று கேட்கிறார்.”

“காலராவுல செத்தது எவன்னு அவகிட்டக் கேளு.”

கேட்டேன். “இரண்டு பேரும்தானாம் பெரியப்பா.”

“அப்படியா? இப்பக் கொஞ்சம் பரவாயில்லன்னு சொல்லு.”

அத்தை சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று எழுந்து திரைக்கு வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. பெரியப்பா டையைத் தளர்த்திவிட்டு, “சாப்பிட்டாளான்னு கேளு,” என்றார்.

இதற்கிடையில் செயலாளர் சும்மா இருக்கவில்லை. கோயிலின் பழைய ஆராதனைப் பதிவேட்டைத் தானே தேடி எடுத்துவிட்டார். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குப் பெரியப்பாவையும் என்னையும் வரச் சொன்னார். போனோம். வெற்றிக்களையோடு அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். ‘இங்கிலாந்து தேசத்தில் விமானம் விழுந்து மரித்தவருக்கு நினைவு ஆராதனை’ என்று அன்றைய ஐயரின் கையெழுத்தில் இருந்தது.

“இந்தா இருக்கு அண்ணாச்சி ஆதாரம்! கோயில் பதிவேட்டவிடப் பெரிய ஆதாரம் என்ன வேணும்? கல்லை வெட்டிரலாம். எல்லாருக்கும் சம்மதம்.”

பொய்க்கு முத்திரையோடு தாள் இருந்தது. மெய்க்கு என் போனில் ஒரு படம் மட்டும். இங்கிலாந்துச் செய்தி எங்கள் இருவரைத் தவிர ஊரில் யாருக்கும் தெரியாது. பெரியப்பா வாயை மூடிக்கொண்டு தலையாட்டினால் போதும், அவர் ஆசைப்பட்ட கல் கிறிஸ்துமஸுக்குள் சுவரேறிவிடும். அவர் தலையாட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். சொல்லப்போனால், அதை வைத்து அவரை ஆயுசுக்கும் கேலி செய்யத் தயாராகவும் இருந்தேன்.

பெரியப்பா எழுந்து நின்றார். “வேண்டாம்வே,” என்றார்.

“என்ன அண்ணாச்சி?”

“எங்க அப்பா விமானம் விழுந்து சாகல. எங்களை விட்டுட்டுப் போயிட்டாரு. அங்கன இன்னொரு கல்யாணம் முடிச்சு, காரு ஓட்டப் படிச்சுக் குடுத்துட்டு, நல்லா இருந்துதான் செத்தாரு. எனக்கு அங்கன ஒரு தங்கச்சி இருக்கா.”

ஐயர் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார். செயலாளர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருடைய கவலை வேறாக இருந்தது.

“அப்ப இந்தப் பதிவேட்டை என்ன செய்ய? உயிரோட இருக்க ஆளுக்குக் கோயில்ல நினைவு ஆராதனை நடந்திருக்குன்னுல்ல ஆகுது? திருத்தவா முடியும்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பதிவு அலுவலகத்துக்காரி என்பதால். திருத்தல் பத்திரம் போட வேண்டுமென்றால் எழுதிக்கொடுத்த இரண்டு தரப்பும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னேன். ஒரு தரப்பு இங்கே கல்லறைத் தோட்டத்தில், இன்னொரு தரப்பு அங்கே. கமிட்டி அந்தப் பொருளை ஒத்திவைத்தது. இன்றுவரை எடுக்கவில்லை. ஐயர் ஜெபம் செய்து கூட்டத்தை முடித்தார். ஜெபத்தில் தூரதேசங்களில் இருக்கும் எங்கள் சொந்தங்களையும் சேர்த்துக்கொண்டார். வாசலில் செயலாளர் பெரியப்பாவின் செருப்பைத் தன் காலாலேயே நேராகத் தள்ளி வைத்தார். அவரிடமிருந்து அவ்வளவு பெரிய மரியாதையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் ஆட்டோவில், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பெரியப்பாவைக் கேட்டேன்.

“தெரியல. வாயில வந்துட்டு,” என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, “நானேதான அவரை இத்தன வருசமாப் பறக்க விட்டுட்டுக் கெடந்தேன். அலுத்துப் போச்சுட்டி,” என்றார்.

செய்தி ஊரில் பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. நான் எதிர்பார்த்த ஏளனம் வரவில்லை. வந்ததெல்லாம் ஆட்கள்தான். கொழும்புக்குப் போன தாத்தாவுக்கு அங்கே ஒரு வீடு, பினாங்குக்குப் போன பெரிய தாத்தாவுக்கு இன்னொரு வீடு என்று ஒவ்வொருவராக வந்து, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனார்கள். இவ்வளவு வில்லங்கத்தை நான் அலுவலகத்தில்கூட ஒரே மாதத்தில் பார்த்ததில்லை.

ஜனவரியில் அத்தை வந்தார். தூத்துக்குடி விமான நிலையத்துக்கு அதே கோட்டுடன் பெரியப்பா வந்து நின்றார். உயரமான, நரைத்த பெண்மணி பெட்டியைத் தானே தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். பெரியப்பா கையை நீட்டினார். அத்தை அவரைக் கட்டிப்பிடித்துவிட்டார். அறுபது வருஷமாகப் பொது இடத்தில் பெரியம்மாவின் கையைக்கூடப் பிடிக்காத மனிதர் மரம் போல நின்றார்.

இரண்டாம் நாள் காபி குடிக்கும்போது, “நம்முடைய தேயிலைத் தோட்டத்தை எப்போது பார்க்கப் போகிறோம்?” என்று அத்தை கேட்டார். மாஞ்சோலை மலையில் தன் குடும்பத்துக்குப் பெரிய தோட்டம் இருந்ததாகத் தாத்தா அங்கே சொல்லி வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்துக்கும் மாஞ்சோலைக்கும் உள்ள ஒரே தொடர்பு நாங்கள் தேநீர் குடிப்பதுதான் என்று விளக்கினேன். அங்கே பரம்பரை பரம்பரையாக நிஜமாகவே வேலை செய்தவர்களும் தோட்டத்தை மூடுவதால் இப்போது மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டார்கள் என்றும் சொன்னேன். “அப்படியானால் யானையும் இல்லையா?” என்றார் அத்தை. யானையும் இல்லை.

மூன்றாம் நாள் சண்டை ஆரம்பித்தது. அப்பா எப்போதும் கடுகடுவென்று இருப்பார், வீட்டில் ஒருவரும் சத்தமாகச் சிரிக்க முடியாது, படுக்கப் போகும் முன் கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார் என்று அத்தை சொல்ல, பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“எங்க அப்பாவா? எவ்வளவு தமாசான ஆளு! என்னையத் தோள்ல தூக்கிட்டு ஓடுவாரு. இவளுக்கு அவரப் பத்தி என்ன தெரியும்னு கேளு.”

“ஐந்து வயது வரை பார்த்தவர், முப்பது வருஷம் கூட இருந்த எனக்குச் சொல்லித் தருகிறாரா என்று கேள்.”

நான் பாதியைத்தான் மொழிபெயர்த்தேன். அதையும் பஞ்சு சுற்றிக் கொடுத்தேன். இருபத்தெட்டு வருஷ வேலையில் நகலில் கை வைத்தது அதுவே முதல் தடவை. ஐந்தாம் நாள் நான் போனபோது தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. பெரியப்பா தமிழிலும் அத்தை ஆங்கிலத்திலும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் தகரப் பெட்டி திறந்து கிடந்தது. பெரியம்மா ஒன்றும் நடக்காதது போலச் சொதிக் குழம்புக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“என்ன பெரியம்மா, எதுக்குச் சண்டை?”

“யாருக்குத் தெரியும்? காலையில இருந்து இதான் நடக்கு. ரெண்டு பேரும் நல்லாச் சாப்பிடுதாங்க. நீ அங்கன போகாத, கெடுத்துராத,” என்று சொல்லிவிட்டு இன்னொரு தேங்காய் மூடியை என்னிடம் நீட்டினார். நானும் அடுப்படியில் உட்கார்ந்து துருவ ஆரம்பித்தேன்.